கைவிடப்பட்ட பிள்ளைகளும் கடைவீதி மகமையும்



இரவு கணக்கு முடித்துக் கல்லாப் பெட்டியைப் பூட்டப் போகும் நேரத்தில் நன்கொடைச் சீட்டுடன் யாராவது வந்து நிற்பது நமக்குப் புதிதல்ல. கோயில் கொடை, அன்னதானம், பள்ளி ஆண்டு விழா என்று வருடம் முழுவதும் சீட்டுகள் வந்தபடியே இருக்கும். அவற்றுள் ‘ஆதரவற்ற குழந்தைகள் இல்லம்’ என்று அச்சடித்த சீட்டைக் கண்டால் எந்த வியாபாரியும் கையை மடக்குவதில்லை. ஐம்பதோ நூறோ கொடுத்து அனுப்பி விடுகிறோம். அந்த இல்லம் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்றிரவு அவர்களுக்கு என்ன சாப்பாடு என்று கேட்பதில்லை. இருநூறு ரூபாய் பாக்கிக்கு மூன்று முறை ஆள் அனுப்பும் நாம், தருமக் கணக்கில் மட்டும் இவ்வளவு தாராளமாக இருப்பது ஏனென்று தெரியவில்லை.

ஒரு கடைவீதி, அருகிலுள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றை முறையாகத் தாங்குவது எப்படி, அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது, கணக்கில் எப்படிக் காட்டுவது என்பவற்றை வியாபாரிக்குப் புரியும் வகையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மகமை என்னும் பழைய ஏற்பாடு

விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தருமத்துக்கென்று ஒதுக்கும் வழக்கம் நம் வணிகர்களுக்கு நேற்று வந்ததல்ல. சிவகங்கை மாவட்டம் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகர் கல்வெட்டு ஒன்று உள்ளது. பல ஊர் வணிகக் குழுவினர் கூடி, உப்பு, அரிசி, மிளகு, பாக்கு என்று தாங்கள் கையாளும் சரக்குகளுக்கு இன்ன அளவுக்கு இவ்வளவு என்று வீதம் வகுத்து, அதைக் கோயில் காரியத்துக்கு விட்டுக்கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அந்தப் பங்குக்குப் ‘பட்டணப்பகுதி’ என்று பெயர். சரக்குவாரியாக வீதம் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

பிற்காலத்தில் இதுவே மகமை என்ற பெயரில் நகரத்தார், நாடார் முதலிய வணிகச் சமூகங்களிடம் நிலைத்தது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்த மகமைப் பணத்தில்தான் பேட்டைகளும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையை நடத்த, மகமையோடு வீட்டுக்கு வீடு ‘பிடி அரிசி’யும் சேர்த்தார்கள். சோறு வடிக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அது பள்ளிக்குச் சேரும். ஆறு வயதில் தந்தையை இழந்த காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். பிறகு படிப்பை நிறுத்தி மாமன் துணிக்கடையில் நின்றார் என்பதும் நாம் அறிந்ததே. 1949இல் சென்னை தியாகராய நகரில் மஞ்சுபாஷிணி அம்மையார் ஆதரவற்ற குழந்தைகளுக்காகப் பால மந்திர் இல்லத்தைத் தொடங்கியபோது துணை நின்றவர்களில் காமராஜர் முதன்மையானவர். அந்த இல்லத்தின் அறக்கட்டளை அவர் பெயரையே தாங்கியுள்ளது. அதற்கு முன்பே 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியிருந்தார்.

மகமையில் நாம் கவனிக்க வேண்டிய குணம் ஒன்று உண்டு. அது மனம் இளகிய நாளில் கொடுப்பதல்ல. வியாபாரம் நடந்த நாளெல்லாம் சேர்வது. எனவே அதை நம்பி ஒருவர் அடுத்த மாதத்துக்குத் திட்டமிட முடியும். ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு இதைவிடத் தேவையானது வேறில்லை. இன்று பல ஊர்களில் மகமை நின்றுவிட்டது, அல்லது சந்தாவோடு கரைந்துவிட்டது. அதை ஒரு நல்ல காரியத்துக்காகத் திரும்பத் தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. 60 கடை உள்ள வீதியில் கடைக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய் என்றால் 30 நாளில் 18,000 ரூபாய். ஒரு டீயின் விலைதான்.

இல்லத்தில் இருப்பவர்கள் யார்?

இல்லத்துப் பிள்ளைகள் எல்லோரும் தாய் தந்தையை இழந்தவர்கள் என்று நினைத்துக் கொள்கிறோம். உண்மை அப்படியில்லை. அவர்களில் பலருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். கணவன் விட்டுப்போன பின் கூலி வேலைக்குச் செல்லும் தாய், குடியில் மூழ்கிய தகப்பன், நெடுநாள் நோயாளி, சிறையில் இருப்பவர், கடனுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவர் என்று ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு குடும்பக் கதை உண்டு. வீட்டில் ஆள் இருந்தும் கவனிப்பாரில்லாமல் போன பிள்ளைகள் இவர்கள். ஆகவே ‘அனாதை’ என்ற சொல்லை அவர்கள் எதிரில் சொல்லாதிருப்பது முதல் மரியாதை.

சட்டத்தின் நோக்கும் இதுவே. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைக்கு முதல் இடம் குடும்பம் என்றும், இல்லம் என்பது வேறு வழி இல்லாதபோதுதான் என்றும் வகுத்துள்ளது. ஒரு பிள்ளை இல்லத்தில் சேர வேண்டுமா என்பதை இல்லத்தை நடத்துபவரோ, சிபாரிசு செய்யும் பெரியவரோ முடிவு செய்ய இயலாது. மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டிய குழந்தைகள் நலக் குழுதான் முடிவு செய்யும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அக்குழு முன் கொண்டு செல்ல வேண்டும்.

இதை வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. ‘நம் கடையில் சுமை தூக்கும் அம்மாவின் பையனை ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்த்து விடுங்கள்’ என்று நம்மிடம்தான் வருகிறார்கள். நாமும் நல்லெண்ணத்தில் தெரிந்த இல்லத்துக்குப் போன் செய்கிறோம். அதைவிட நல்ல வழி ஒன்று உள்ளது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், கடும் நோயுற்றோர் ஆகியோரின் பிள்ளைகள் வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு இடம் தரப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், நகரப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது என்பது அதில் கண்ட வரம்பு. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அந்த அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்து, வங்கிப் புத்தகமும் வருமானச் சான்றும் வாங்க ஒரு நாள் லீவு கொடுத்தால் போதும், பிள்ளை தாயிடமே இருக்கும். மேலே சொன்ன 18,000 ரூபாயில் இதே அளவில் நான்கு பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே வைத்துத் தாங்கலாம் என்பதையும் சங்கம் யோசிக்கலாம். தனியாரும் இவ்வாறு பொறுப்பேற்க அதே அலகின் வழியாக ஏற்பாடு செய்ய முடியும்.

எந்த இல்லத்துக்குக் கொடுப்பது?

அப்படியும் வீடு இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லம் வேண்டும். இல்லத்துக்கு நாம் வேண்டும்.

இல்லம் எதுவானாலும், அரசு பணம் பெற்றாலும் பெறாவிட்டாலும், மேற்படி சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். பதிவின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அறக்கட்டளைப் பதிவுப் பத்திரத்தைக் காட்டி ‘எங்களுக்குப் பதிவு இருக்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. கடைக்கு ஜிஎஸ்டி எண் இருப்பதால் உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவையில்லை என்று ஆகிவிடுமா? அதுபோலத்தான்.

தமிழ்நாட்டு இல்லங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமைகள் பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில், 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்து முடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பதிவு ஒன்றே போதும் என்று இருந்துவிடவும் முடியாது. 2018இல் வெளிவந்த பீகார் மாநிலம் முசாபர்பூர் இல்லத்துக் கொடுமை நாட்டையே உலுக்கியது. அது அரசு நிதியில் நடந்த இல்லம். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தார் நேரில் சென்று ஆய்வு செய்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அதுவரை அங்கே போய்வந்த எத்தனையோ பெரியவர்களின் கண்ணுக்கு எதுவும் படவில்லை, அல்லது அவர்கள் பார்க்க விரும்பவில்லை.

ஆகவே சரக்கு வாங்கப் போகும் மண்டியை எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்று, அதில் அனுமதித்த எண்ணிக்கை, இப்போது இருக்கும் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கேளுங்கள். இருப்புப் புத்தகம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள். வரவேற்பறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருவது பார்வையிடல் ஆகாது. அதே சமயம் முன்பின் தெரியாத ஆண்கள் பிள்ளைகள் படுக்கும் அறைக்குள் போக விரும்பினால் நல்ல இல்லம் அனுமதிக்காது. அதைக் குறையாக எண்ணாமல் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

விருந்தும் வெறுங்குழம்பும்

இனி நம் தொழிலுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருவோம்.

பேரன் பிறந்தநாள், தந்தையார் திதி, கடை ஆண்டு விழா என்றால் இல்லத்தில் ஒருவேளை விருந்து போடுகிறோம். தவறில்லை. ஆனால் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. ஒரே ஞாயிறன்று காலையில் ஒருவர் பொங்கல் வடை, மதியம் ஒருவர் பிரியாணி, மாலையில் ஒருவர் கேக் என்று வந்து நிற்பார்கள். பிள்ளைகள் திணறிப் போவார்கள். புதன்கிழமை பருப்பு இருக்காது. தீபாவளி மாதத்தில் இனிப்புப் பெட்டிகள் அலமாரி நிறைய இருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுக்கும் செருப்புக்கும் அலைவார்கள்.

நம்மில் சிலர் செய்யும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் முடியப் போகும் பிஸ்கட், வண்டு விழுந்த ரவை, மூட்டை அடியில் நனைந்த பருப்பு ஆகியவற்றை ‘தருமத்துக்கு’ என்று கட்டி அனுப்புவது. கம்பெனி திருப்பி எடுக்காத சரக்கைப் பிள்ளை வயிற்றில் தள்ளுவதற்குத் தருமம் என்று பெயர் இல்லை. மிச்ச உணவை வழங்குவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறை 2019இல் தனி விதிமுறைகளே வெளியிட்டுள்ளது. கெட்டுப்போன உணவால் பிள்ளைகளுக்கு ஏதாவது நேர்ந்தால் இல்லத்தோடு நாமும் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒரு இல்லத்துக்கு உண்மையில் எவ்வளவு சரக்கு தேவை? இதற்குக் கணக்கே இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2016இல் வெளியிட்ட மாதிரி விதிகளில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று உணவு அளவு தரப்பட்டுள்ளது. தானியம் 600 கிராம் (16 முதல் 18 வயது வரை 700 கிராம்), அதில் 100 கிராம் கோதுமையாகவோ கேழ்வரகாகவோ சோளமாகவோ இருக்க வேண்டும். பருப்பு அல்லது பயறு 120 கிராம், எண்ணெய் 25 கிராம், சர்க்கரை 40 கிராம், வெங்காயம் 25 கிராம், உப்பு 25 கிராம். புளி, மிளகாய் வற்றல், மஞ்சள் தூள், மல்லித் தூள் ஒவ்வொன்றும் 5 கிராம். பால் 150 மில்லி. இவற்றோடு காய்கறி, தயிர், முட்டை முதலியன. படித்தபோது வியப்பாக இருந்தது, ஏதோ ஒரு மளிகைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல் இருக்கிறது.

பதினாறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் உள்ள இல்லம் என்று வைத்து 30 நாளுக்குப் பெருக்கிப் பார்ப்போம். அரிசி 600 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் 24. (2022இல் சிப்பத்துக்கு வரி வந்த பிறகு 26 கிலோ சிப்பம் புழங்குவதையும் பார்த்தோம். அந்தக் கணக்கை நீங்களே சரிசெய்து கொள்ளலாம்.) கோதுமை அல்லது கேழ்வரகு 120 கிலோ. பருப்பு வகை 144 கிலோ. எண்ணெய் 30 கிலோ, அதாவது 15 கிலோ டின் இரண்டு. சர்க்கரை 48 கிலோ, உப்பு 30, வெங்காயம் 30. புளி, வற்றல், மஞ்சள், மல்லி வகைக்கு 6 கிலோ. விலையை நான் போடவில்லை. இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் துவரம் பருப்பு எங்கே நிற்குமோ, யார் கண்டது?

இப்போது அதே 60 கடை வீதியை எடுத்துக்கொள்வோம். 24 கடைகள் ஆளுக்கொரு சிப்பம் அரிசி. 12 கடைகள் ஆளுக்கு 12 கிலோ பருப்பு. இரண்டு எண்ணெய்க் கடைகள் ஆளுக்கொரு டின். ஆக 38 கடை. மீதி 22 கடைகளில் கோதுமை, சர்க்கரை, உப்பு, வெங்காயம், மசாலைச் சாமான், சோப்பு, பற்பசை, தேங்காய் எண்ணெய், பெண் பிள்ளைகளுக்கான நாப்கின் ஆகியவற்றைப் பிரித்துக் கொள்ளலாம். நாப்கினைச் சொல்லக் கூச்சப்பட்டு யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. இல்லங்கள் அதிகம் தட்டுப்படும் பொருள்களில் அதுவும் ஒன்று. ஒரு மாத இல்லச் சாமான் முழுவதையும் ஒரு சாதாரணக் கடைவீதி தன் கையால் தூக்கிவிட முடியும் என்பதைக் காட்டவே இவ்வளவு கணக்கும். நடைமுறையில் முழுவதும் தேவைப்படாது. சில இல்லங்களுக்கு அரிசி அரசு வழியாக வந்துவிடும், சிலவற்றுக்கு வேறு புரவலர்கள் உண்டு. ஆகையால் மாதம் 20ஆம் தேதி இல்லத்திலிருந்து பட்டியல் வாங்கி, இருப்பைக் கழித்து, குறைவதை மட்டும் ஒன்றாம் தேதிக்குள் இறக்குவது நல்ல முறை. ஆடி மாதமானாலும் மார்கழி மாதமானாலும் வண்டி போக வேண்டும். வியாபாரம் மந்தமான மாதத்தில் பிள்ளைகள் குறைவாகச் சாப்பிடப் போவதில்லை.

ஒரு வேண்டுகோள். அரிசி மூட்டையைப் பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடும் பழக்கத்தை விட வேண்டும். பாதுகாப்புக்கு வந்த குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகிய அடையாளங்களை வெளியிடுவதை 74ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். வகுப்பில் நாற்பது பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்.

கணக்கும் வரியும்

மகமைக் கணக்கு தனியாக இருக்க வேண்டும். கல்லாவில் கலந்துவிட்டால் நல்ல மனம் உள்ளவருக்கும் மாதக் கடைசியில் கை அந்தப் பக்கம் போகும். தருமத்துக்கென்று வாடிக்கையாளரிடம் தனியே பிடித்த தொகை வியாபாரியின் வருமானம் ஆகாது, அது அவர் பொறுப்பில் உள்ள தருமப் பணம் என்று உச்ச நீதிமன்றம் 1979இல் பிஜ்லி நூற்பாலை வழக்கில் தீர்ப்பளித்தது. வடநாட்டில் ‘தர்மாதா’ என்பதுதான் நம் மகமை. பில்லில் தனியே காட்டி, தனிக் கணக்கில் வரவு வைத்து, தருமத்துக்கே செலவிட்டவருக்குத்தான் இந்தத் தீர்ப்பு துணை நிற்கும். பில்லில் சேர்ப்பதாக இருந்தால் ஜிஎஸ்டி பற்றி முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நம் கைப்பணத்திலிருந்து போடுவதே எளிது என்பது என் கருத்து.

வருமான வரிக் கழிவு பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி என்று நாம் அறிந்த சலுகை பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான். அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் கிடையாது. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. காசோலை அல்லது வங்கி வழியாக இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதித் தொகைக்கு, அதுவும் வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள் கழிவு கிடைக்கும். 2021-22 நிதியாண்டு முதல், ரசீது மட்டும் போதாமல், இல்லம் வருமான வரித்துறை இணையத்தளத்திலிருந்து எடுத்துத் தரும் சான்றும் வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவு அறவே இல்லை. 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. பழைய எண்ணை வைத்துச் சீட்டு அடித்துக்கொண்டு வருபவரைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள்.

சரக்காகக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஜிஎஸ்டி. இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கக் கூடாது என்பது 17(5) பிரிவு. சோப்பும் பற்பசையும் பிஸ்கட்டும் கடை இருப்பிலிருந்து எடுத்து அனுப்பினால், அவற்றுக்கு ஏற்கெனவே எடுத்த வரவைத் திருப்பி எழுத வேண்டும். இணக்க முறையில் வரி செலுத்தும் சிறு கடைகளுக்கு வரவே இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. எல்லாக் கடையும் பணமாகச் சங்கத்தில் செலுத்தி, சங்கம் மொத்த விலைக்கு வாங்கி அனுப்பினால் கணக்கு இன்னும் சுத்தமாக இருக்கும்.

நம் கடை வாசலில் நிற்கும் பிள்ளை

வீட்டைவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் முதலில் வந்து சேர்வது பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் சந்தையும்தான். விடியற்காலை லாரி இறக்கும் இடத்தில் ஒரு பையன் சாக்கு மேல் தூங்கிக் கிடந்தால், காலையில் டீ வாங்கிக் கொடுத்து ‘இங்கேயே இருடா, தராசுப் பக்கம் நில்’ என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது நிறையாத பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சோறு போட்டேன், சம்பளம் தரவில்லை என்பது சமாதானம் ஆகாது. தனித்து நிற்கும் பிள்ளையைக் கண்டும் தகவல் தராமல் இருப்பதே குற்றம் என்கிறது இளைஞர் நீதிச் சட்டம். 24 மணி நேரத்துக்குள் 1098 எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்ல வேண்டும். 1098 இலவச அழைப்பு. 2023 முதல் அரசே அதை நேரடியாக நடத்தி வருகிறது. அந்த எண்ணைத் தராசுக்கு மேல் எழுதி வைத்தால் சுமை தூக்குபவர்களுக்கும் உதவும்.

இல்லத்துக்கு அரிசி கொடுக்கும் சிலர், ‘நல்ல பையனாக ஒருத்தனை லீவுக்குக் கடைக்கு அனுப்புங்கள்’ என்று கேட்பதுண்டு. கேட்கக் கூடாது. நம்மிடம் வாங்கும் இடத்தில் இருக்கும் நிர்வாகியால் மறுக்க முடியாது.

பதினெட்டு வயதுக்குப் பிறகு

18 வயது நிறைந்ததும் பிள்ளை இல்லத்தைவிட்டு வெளியே வர வேண்டும். 21 வயது வரை பின்பராமரிப்பு உதவிக்குச் சட்டத்தின் 46ஆவது பிரிவில் இடமுண்டு. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் தனக்கென்று ஒரு சட்டை தேர்ந்தெடுக்கத் தொடங்கும் வயதில், அந்தப் பையனோ பெண்ணோ ஒரு டிரங்குப் பெட்டியுடன் ஊருக்குள் இறங்குகிறார்கள். வாடகைக்கு அறை கேட்டால் ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற கேள்வி வரும். அவர்களிடம் பதில் இருக்காது.

இந்த இடத்தில் அரிசி மூட்டையைவிட நம்மால் அதிகம் செய்ய முடியும். கல்லூரி போகிறவருக்கு மாலை நேரக் கணக்கு வேலை, போகாதவருக்கு முழுநேர வேலை, இரண்டும் நம் வீதியில் உண்டு. சரக்கு வாங்கும் நேக்கு, பில்லிங், ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்று ஆறு மாதம் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தால் தொழில் தெரிந்தவராகி விடுவார். சம்பளம் மற்றவர்களுக்குக் கொடுப்பதுதான் கொடுக்க வேண்டும், இல்லத்துப் பையன் என்பதற்காகக் குறைக்கவும் கூடாது, வேலைக்கு வராத நாளில் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். வருகிறவர் எங்கிருந்து வந்தவர் என்பது முதலாளிக்குத் தெரிந்தால் போதும். மற்றப் பணியாட்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வங்கியில் கணக்குத் திறக்க, கைப்பேசி இணைப்பு வாங்க, அறை வாடகைக்கு எடுக்க ஒரு பெரியவர் கையெழுத்து தேவைப்படும் இடங்களில் சங்கத்தின் கடிதத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் போன் செய்து ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டால், ‘நம்ம கடையில் வேலை செய்கிறார், நான் பொறுப்பு’ என்று சொல்ல ஒரு வியாபாரி இருந்தால் போதும், அறை கிடைத்துவிடும்.